பதினாறு கை

கட்டைவிரல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. சுண்டுவிரலின் அடிக்கணுவில் தொடங்கி, மேலேறி, அடுத்த விரலுக்குத் தாவி, ஒரு கைக்குப் பன்னிரண்டு கணு. அது தீர்ந்தால் மறு கை. கார்மேகம் எங்கே நுழைந்தாலும் முதலில் தலைகளை எண்ணுவார். கம்பெனி பஸ், ஆஸ்பத்திரி வரிசை, விமான நிலையம், எதுவானாலும் எண்ணி முடிக்காமல் உட்கார மாட்டார். தண்ணீர் கொடுத்தால்கூட, "இருங்க, வந்துர்றேன்" என்று கணக்கை முடித்துவிட்டுத்தான் வாங்குவார்.

எண்ணுவதோடு வேலை முடிந்துவிடாது. எண்ணிய தலைகளை மூன்றாகப் பிரிக்க வேண்டும். நம்ம ஆள், அவய்ங்க ஆள், மதில்மேல் பூனை. போன மாதம் என் மகள் சம்யுக்தாவின் பிறந்தநாளுக்குக் கேக்கை வண்டியில் எடுத்துக்கொண்டு வந்தார். வாசலில் நின்று ஒரு நோட்டம் விட்டார். கேக்கை என் கையில் கொடுக்கும்போது காதோடு சொன்னார்: "சார், ஒங்க பக்கம் ஒம்போது, மேடம் பக்கம் பதிமூணு. பாத்து இருந்துக்கங்க." அன்று மாலை முழுக்க நான் பார்த்துத்தான் இருந்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

தோஹா தொழில்பேட்டையில் எங்கள் கட்டுமானக் கம்பெனிக்கு அவர் டிரைவர். வயது ஐம்பத்தெட்டு. முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். கத்தாருக்கு வந்து இருபத்தொரு வருடம். காலையில் கேம்ப் என்கிற தொழிலாளர் விடுதியிலிருந்து கிளம்பி, என்னையும் பிரண்டன் என்கிற ஐரிஷ் இன்ஜினியரையும் ஏற்றிக்கொண்டு லுசைல் சைட்டில் இறக்கிவிடுவதும், மாலையில் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதும் அவர் டூட்டி. டேஷ்போர்டில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். வெள்ளிக்கு வெள்ளி பழத்தை மாற்றுவார். மீசைக்கு மட்டும் சாயம் அடிப்பார், தலைக்கு அடிக்க மாட்டார். கேட்டால், "தலையத்தான் தொப்பி மறைச்சிருதே" என்பார்.

யாரையும் ஊரைச் சேர்க்காமல் அவருக்குக் கூப்பிடத் தெரியாது. கமுதி வீரபாண்டி. மன்னார்குடி அன்பரசன். நாகர்கோவில் பத்மநாபன். என்னை ஊர் கேட்டார், சென்னை என்றேன். அது ஒரு ஊரா என்பதுபோலப் பார்த்துவிட்டு 'ஆபீஸ் சார்' என்று வைத்துக்கொண்டார். ஒரு ஆள் எந்த ஊர் என்று தெரிந்தால் அவன் ஓட்டு எங்கே விழும் என்று தெரியும் என்பது அவர் சித்தாந்தம்.

இந்த வியாதி அவருக்கு வந்த வருடம் 2011. இரண்டு மாத லீவு போட்டு ஊருக்குப் போய் வார்டு மெம்பருக்கு நின்றார். பூட்டு சாவி சின்னம். மூன்று ஓட்டில் தோற்றார். அந்த மூன்று ஓட்டும் யாருடையவை என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். மனைவி நாகவள்ளியின் இரண்டு அண்ணன்கள், மூத்தவரின் சம்சாரம். நாகவள்ளியிடம் பதினான்கு வருடமாக இந்த வழக்கு நடக்கிறது. வண்டியில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசுவார் என்பதால் தீர்ப்பு எனக்கும் மனப்பாடம். "எங்க அண்ணனுகளக் குத்தம் சொல்லாதீக. நீங்க ஓட்டுக் கேக்கப் போனப்ப கூலிங்கிளாஸக் கழட்டாமப் பேசுனீகளாம்ல" என்று அந்த அம்மாள் முடித்துவிடுவார். தோற்றுத் திரும்பி விமானம் ஏறிய நாளிலிருந்துதான் இந்தக் கட்டைவிரல் ஓயவில்லை.

கேம்ப்பில் இரண்டாவது மாடியில் தமிழர் மெஸ். முப்பத்தொரு பேர், ஒரு சமையலறை, நான்கு அடுப்பு. சமையலறைக் கதவில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது. 'மெஸ் லீடர். ஜனவரி முதல் ஜூன் வரை: அன்பரசன். ஜூலை முதல் டிசம்பர் வரை: வீரபாண்டி.' அட்டையில் இருப்பது கார்மேகத்தின் கையெழுத்து. ரகரத்துக்குக் கால் நீட்டி எழுதும் பழக்கம் அவருக்குத்தான் உண்டு. அட்டையில் அவர் பெயர் இல்லை. அது இல்லாமல் போன கதையைச் சொல்லாமல் இந்த மனிதரைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது.

மெஸ் லீடர் என்றால் வெளியே இருப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கும் வந்தது. ஸ்டோர் ரூம் சாவி அவரிடம். என்ன சமைப்பது, யாருக்கு என்றைக்குச் சமையல் முறை என்று தீர்மானிப்பது அவர். சமையலறையில் ஒரு தீப்பொறி விழுந்தால்கூடக் கேம்ப் பாஸ் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார். பத்து மணி நேரம் வெயிலில் யாரோ சொன்ன இடத்தில் யாரோ சொன்னதைச் செய்துவிட்டு வருகிறவர்களுக்கு, இன்று இரவு புளிக்குழம்பா சாம்பாரா என்பது ஒன்றுதான் தாங்களே முடிவு செய்கிற விஷயம். அந்த முடிவின் தலைமைப் பதவி அது. சின்னப் பதவி என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வருவதில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்பு வரை மெஸ்ஸில் கட்சி கிடையாது. ஒரு புரட்டாசி சனிக்கிழமை காலை மெஸ் இரண்டாக உடைந்தது. அன்பரசனும் டெல்டாக்காரர்களும் பெருமாளுக்கு மாவிளக்குப் போடத் தட்டோடு சமையலறைக்குள் வந்தார்கள். ஃபிரிட்ஜுக்கு மேலே பெருமாள் படம். அதற்கு நேர் கீழே, அடுப்பில், இன்னும் சூடு ஆறாத சட்டியில் நெத்திலிக் கருவாடு வறுத்த எண்ணெய். அறை முழுக்க வாடை. அடுப்புக்கு முன்னால் கமுதி வீரபாண்டி நின்றுகொண்டிருந்தான். அன்று சமையல் முறை அவனுக்கு. அப்போது அவனுக்கு இருபத்தைந்து வயது, கத்தாருக்கு வந்து நான்கு மாதம். 'நான் இல்லண்ணே' என்று அவன் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

தட்டு ஒருபக்கம் போயிற்று, சட்டி ஒருபக்கம் போயிற்று. கீழே வண்டி கழுவிக்கொண்டிருந்த கார்மேகம் சத்தம் கேட்டு ஓடி வந்தார். வந்தவர் நடுவில் நின்று ஒரு வசனம் பேசினார்: "யாரு வறுத்தா என்னய்யா? அடுப்பு பூராம் பேருக்கும் பொது. எங்க பயலுகள்ல ஒருத்தனத் தொட்டுப் பாரு." அந்த ஒரு வசனத்தில் ராமநாதபுரத்துக்காரர்களுக்கு ஒரு தலைவர் கிடைத்தார். அன்றிலிருந்து இரண்டு கோஷ்டி. உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்குக்கூட மூன்றாவது ஆள் வேண்டும். வீரபாண்டிக்குக் 'கருவாட்டு வீரபாண்டி' என்ற பட்டம் நிலைத்தது. புரட்டாசி வந்தால் அவன் ஒரு மாதம் சமையலறைக்குள் காலெடுத்து வைப்பதில்லை. ரூம் வாசலில் தட்டை நீட்டி வாங்கிக்கொள்வான்.

போன ஜனவரியில் கணக்கு இப்படி இருந்தது. ராமநாதபுரம் பதின்மூன்று, தலைவர் கார்மேகம். டெல்டா பன்னிரண்டு, தலைவர் அன்பரசன். நாகர்கோவில் ஆறு, தலைவர் பத்மநாபன். வருடா வருடம் பத்மநாபன் யாராவது ஒரு பக்கம் சாய்ந்து, வாரத்தில் நான்கு நாள் தேங்காய் அரைத்த குழம்பு வாங்கிக்கொண்டு போவார். அவர் சாய்கிற பக்கம் தன் தலைவரை விட்டுவிட்டு, எந்தக் கோஷ்டியிலும் சேராத ஒரு வயதான கடலூர்க்காரரை லீடராக உட்கார வைப்பது வழக்கம். அந்தப் பெரியவர் டிசம்பரில் ஊருக்குப் போய்விட்டார். பத்மநாபனுக்கு ஆசை முளைத்துவிட்டது.

"எத்தன காலம் தேங்காயே கேட்டுட்டு இருக்கதுக்கு? இந்தத் தடவ லீடர் நான்தான் கேட்டியளா. யாருக்கு வேணும்னாலும் எனக்க ஆறு கை உண்டு. சாவி மட்டும் எனக்க இடுப்புல இருக்கணும்" என்றார் பத்மநாபன்.

ஆறு கைக்காரர் இருபத்தைந்து பேரை ஆள்வதா என்று இரண்டு பக்கமும் கொதித்தது. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கை தூக்கித் தேர்தல். பதினாறு கை வேண்டும். மூன்று பேர் நின்றார்கள். பதின்மூன்று, பன்னிரண்டு, ஆறு. அடுத்த வெள்ளியும் அதே. மூன்றாவது வெள்ளியும் அதே. கேம்ப் பாஸ் செய்கு முகம்மது, காயல்பட்டினத்துக்காரர், பொறுமைசாலி. அவரே மாடி ஏறி வந்துவிட்டார். கதவில் பொறுப்பாளர் பெயர் இல்லாத சமையலறை மாதக் கடைசியோடு கலாஸ், மூடிவிட வேண்டியதுதான் என்றார். சீல் வைத்துவிட்டுக் கம்பெனியே கேட்டரிங் சாப்பாடு கொடுத்துவிடும். கேட்டரிங் சாப்பாடு முதல் மாடியில் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. தடித்த சப்பாத்தி, மஞ்சள் பருப்பு, வாரம் ஏழு நாளும். அதன் வாசனை படிக்கட்டு வழியாக மேலே ஏறி எல்லோரையும் பயமுறுத்திக்கொண்டிருந்தது.

கார்மேகத்துக்கு இதில் இன்னொரு அவசரம் இருந்தது. ஜூன் மாதக் கடைசியோடு அவருக்கு விசா கேன்சல். டிசம்பரிலேயே காகிதம் வந்துவிட்டது. ஒன்பது வருடம் கோஷ்டித் தலைவராக இருந்தும் அந்தக் கதவில் ஒருநாளும் அவர் பெயர் ஏறியதில்லை. "வார்டு மெம்பராத்தான் ஆகல. ஒரு லீடராவாச்சும் ஆயிட்டு வாங்க. வந்தா நாலு பேருட்டச் சொல்லிக்கிறேன்" என்று நாகவள்ளி போனில் சொன்னார். அந்த அம்மாள் கேலியாகத்தான் சொன்னார் என்று எனக்குத் தோன்றியது. கார்மேகம் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதே சமயத்தில் அயர்லாந்திலும் ஆட்சி அமையாமல் இழுத்துக்கொண்டிருந்தது. நவம்பர் கடைசியில் அங்கே தேர்தல். யாருக்கும் பெரும்பான்மை இல்லை. மாலையில் வண்டி திரும்பும் நேரத்தில் அங்கே மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். பிரண்டனின் அப்பா கூப்பிடுவார். பெரியவருக்குக் காது மந்தம், மகனுக்குக் குரல் பெரிது, ஆகவே வண்டிக்குள் ஒரு பொதுக்கூட்டமே நடக்கும். கார்மேகத்துக்கு ஆங்கிலம் பாதிதான் புரியும். ஆனால் மெஜாரிட்டி, சீட், இண்டிபெண்டன்ட் என்ற மூன்று சொல்லும் ஒரே மூச்சில் வந்தால் வண்டியின் வேகம் தானாகக் குறையும்.

"ஐரிஷ் சார் வீட்டுல என்ன பஞ்சாயத்து சார்?" என்று ஒருநாள் என்னைக் கேட்டார். நான் பிரண்டனைக் கேட்டேன். ஊரைவிட்டு வந்தவனிடம் ஊர் அரசியலைக் கேட்டால் எப்படி இருக்கும்? மனிதர் மலர்ந்துவிட்டார். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அங்கே இரண்டு பழைய கட்சிகள். நூறு வருடத்துக்கு முன்னால் இரண்டும் ஒரே இயக்கம். பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தத்தை ஏற்பதா வேண்டாமா என்று இரண்டாகி, சொந்தச் சகோதரர்களே சுட்டுக்கொண்டார்கள். பிரண்டனின் தாத்தா எதிர்க்கட்சிக்காரர் கடையில் ரொட்டிகூட வாங்க மாட்டாராம். அப்படிப்பட்ட இரண்டும் போன தேர்தலுக்குப் பிறகு ஒன்றாக ஆட்சியில் உட்கார்ந்தன. மூன்றாவதாக ஒரு கட்சி வளர்ந்துவிட்டது. அதனிடம் சாவியைக் கொடுக்க இரண்டுக்கும் மனமில்லை. பிரதமர் பதவியில் பாதிக்காலம் இவர், மீதிக்காலம் அவர். இந்தத் தடவையும் அதே ஏற்பாடுதான் வரும்போலிருக்கிறது, சில சீட் குறைவதால் சுயேச்சைகளோடு பேசுகிறார்கள் என்றார்.

கார்மேகம் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். தோஹா எக்ஸ்பிரஸ் சாலையில் அப்படி நிறுத்தக் கூடாது என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை.

"பாதி இவரு, பாதி அவரா? அப்ப மொதல்ல உக்காருறது யாரு?"

அதிக சீட் வாங்கிய கட்சி முதலில் என்றார் பிரண்டன்.

"பதிமூணு பெருசா சார், பன்னெண்டு பெருசா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் வண்டியை எடுத்தார். கட்டைவிரல் ஸ்டியரிங்கில் தாளம் போட்டது. "நூறு வருசப் பகைக்கே மருந்து இருக்கு. நம்மது ஒம்போது வருசந்தான."

தூது போனவன் நான். ஆபீஸ்காரன், சென்னைக்காரன், மூன்று கோஷ்டிக்கும் வேண்டாதவன், ஆகவே நடுநிலைவாதி. தொழில்பேட்டைக்குள் ஒரு டீக்கடையில், வெளியே போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில், இரண்டு தலைவர்களும் ஒன்பது வருடத்துக்குப் பிறகு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அன்பரசன் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவர். மெல்லிய குரல், நெற்றியில் ஒற்றைக் கோடு. முதல் ஆறு மாதம் கார்மேகம், அடுத்த ஆறு மாதம் அன்பரசன் என்று நான் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். கார்மேகம் ஜூனில் போய்விடுவார் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

"எனக்குப் பதவி மேல பெருசா இல்லீங்க சார்" என்றார் அன்பரசன். "மொத ஆறு மாசம் அண்ணனே இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணுதான். அந்தச் சனிக்கிழம பண்ணவன் சபையில எழுந்து, நாந்தான்னு ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேக்கணும். வீரபாண்டிய எழுந்திரிக்கச் சொல்லுங்க. அது போதும்."

"பழசக் கிண்டணுமா தம்பி?" என்றார் கார்மேகம்.

"பழசுதாண்ணே. அதுக்கு அடுத்த வாரம் எம்பொண்ணுக்கு இருதயத்துல ஆப்ரேசன். பதினோரு வயசு அப்ப. இங்கேருந்து நான் என்னா பண்ண முடியும்? மாவிளக்குப் போடுறேன்னு வேண்டிக்கிட்டேன். அன்னிக்கு வெளக்கு ஏத்தாமயே, கீழ கெடந்த தட்டத் தூக்கிட்டு ரூமுக்குப் போனேன். பொண்ணு பொழச்சிடுச்சு, இப்ப காலேஜ் போவுது. ஆனா அந்த ஒரு வாரம் நான் தூங்குனேனான்னு கேளுங்க."

ஒன்பது வருடமாக ஒரே மாடியில் இருந்தும் இது யாருக்கும் தெரியாது. கார்மேகத்தின் முன்னால் இருந்த கரக் டீயில் ஆடை படிந்தது. அவர் அதைத் தொடவே இல்லை. "சரி, சொல்லிப் பாக்குறேன்" என்று மட்டும் சொல்லி எழுந்தார். எழுந்தபோது அங்கிருந்தவர்களை அவர் எண்ணவில்லை என்பதைக் கவனித்தேன்.

திரும்பும் வழியில், இரண்டு ரவுண்டானா தாண்டிய பிறகு பேசினார்.

"சார், அன்னைக்கு வறுத்தது நாந்தான்."

ஒன்பது வருடத்துக்கு முந்தைய அந்தப் புரட்டாசி வாரம், வெள்ளிக்கிழமை சைட்டில் பெரிய கான்கிரீட் வேலை. மொத்தக் கம்பெனிக்கும் வெள்ளி டூட்டி, பதிலுக்குச் சனி லீவு. இங்கே வருகிற ஆட்களுக்குக் கிழமை என்று தனியாக ஒன்று கிடையாது. லீவு என்றால் வெள்ளி. ஊரில் வெள்ளிக்கிழமை கவிச்சி தொடாதவர்கள்கூட இங்கே வெள்ளியன்றுதான் மீனும் கறியும் தின்பார்கள். "லீவு நாளு, எந்திரிச்சேன். வெள்ளின்னு நெனச்சுக்கிட்டேன். வெள்ளின்னா கருவாடு. விடியக்காலம் நெத்திலிய வெந்நியில அலசி, தலையக் கிள்ளி, நல்லெண்ணெயில மொறுமொறுன்னு வறுத்துத் தின்னுட்டு, சட்டிய அப்பிடியே வச்சுட்டு வண்டி கழுவப் போயிட்டேன். மேல சத்தம் கேட்டு ஓடியாரும்போது படிக்கட்டுலதான் சார் நெனவு வருது, இன்னைக்குச் சனிக்கிழமைன்னு."

"அப்போதே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லத்தான் சார் போனேன். வாயத் தொறந்தா வேற வந்துருச்சு. நம்ம பயலுக பூராம் கைதட்டிட்டாய்ங்க. அதுக்கப்பறம் எப்பிடிச் சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது. தட்டை வாசலில் நீட்டி நின்ற வீரபாண்டியை நானே பார்த்திருக்கிறேன். இவருடைய தலைமை முழுவதும் அவன் தலையில் ஏறி நின்ற தலைமை. அதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. ஆனால் கணக்கை எடுத்து வைத்தார். இப்போது உண்மையைச் சொன்னால் டெல்டாவின் பன்னிரண்டும் போகும், சொந்தப் பதின்மூன்றிலும் ஓட்டை விழும், மாதக் கடைசியில் அடுப்புக்குச் சீல். "ஒருத்தன் ஒரு நிமிசம் தலையக் குனிஞ்சா முப்பத்தொரு பேருக்குச் சோறு சார்" என்றார். நல்ல காரணம்தான். தலைவர்களுக்குக் காரணம் கிடைக்காமல் போவதில்லை.

வீரபாண்டி உடனே ஒப்புக்கொண்டான் என்பதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. "ஏற்கெனவே பேரு கெட்டுப்போன ஆளுதானண்ணே. கேட்டுட்டாப் போச்சு. நீங்க கதவுல பேரப் போட்டுட்டு ஊருக்குப் போங்க" என்றானாம். இதைக் கார்மேகமே எனக்குச் சொன்னார். சொல்லும்போது டேஷ்போர்டு எலுமிச்சம்பழத்தை எடுத்துத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

நான்காவது வெள்ளி. கை எண்ணுவதற்கு வெளியாள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்து, தரையைத் துடைத்து, எல்லோரும் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். வலப்பக்கம் பதின்மூன்று, இடப்பக்கம் பன்னிரண்டு, கதவோரம் ஆறு. செய்கு முகம்மது நாற்காலியில் அமர்ந்து பெயர் எழுதும் காகிதத்தை மடியில் வைத்திருந்தார். "இவரும் அவரும் ஒண்ணாச் சேந்தா சூரியன் மேக்க உதிக்கும் கேட்டியளா" என்று பத்மநாபன் பக்கத்து ஆளிடம் சத்தமாகவே சொன்னார். ஃபிரிட்ஜுக்கு மேலே பெருமாள் படத்துக்கு அன்று புதிதாக ஒரு முழம் பூ போட்டிருந்தது. புதுச் சட்டையில் இருந்தார் கார்மேகம். மீசைச் சாயம் புதிது. சட்டைப்பையில் தடித்த ஸ்கெட்ச் பேனா, கதவு அட்டையில் எழுதுவதற்கு. நுழைந்ததும் எண்ணினார். முப்பத்தொன்றும் இருந்தது. இருபத்தைந்து கை உறுதி. பதினாறுக்கு மேல் ஒன்பது.

அன்பரசன் எழுந்தார். யாரையும் பார்க்காமல், படத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஓட்டுக்கு முன்னாடி ஒண்ணு. ஒம்போது வருசத்துக்கு முன்னாடி, புரட்டாசிச் சனிக்கிழம, இந்த அடுப்புல சட்டிய வச்சது யாரு? சபையில சொல்லட்டும். சண்ட இல்ல. சொன்னாப் போதும்."

வீரபாண்டி எழுந்தான். இப்போது அவனுக்கு முப்பத்துநான்கு வயது. சாரத்தில் நாற்பது அடி உயரத்தில் கைவிட்டு நடக்கிற ஆள். இங்கே கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் லுங்கியைத் திரும்பத் திரும்ப இறுக்கிக் கட்டினான். கைகளைக் கூப்பினான். "அன்னைக்கு..." என்று ஆரம்பித்தான். கூப்பிய கையை இறக்காமல் மறுபடியும், "அன்னைக்கு..." என்றான்.

நான் கார்மேகத்தைப் பார்த்தேன். கட்டைவிரல் சுண்டுவிரலின் அடிக்கணுவில் இருந்தது. முதல் கணு. அதிலிருந்து மேலே ஏறவில்லை. அவர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே வலது கையைத் தூக்கினார்.

"இன்னும் ஓட்டு ஆரம்பிக்கலண்ணே. கையக் கீழ போடுங்க" என்று அவருடைய ஆள் ஒருவன் பின்னாலிருந்து கிசுகிசுத்தான்.

அன்பரசன் திரும்பிப் பார்த்தார். வீரபாண்டி திரும்பிப் பார்த்தான். பிறகு ஒவ்வொரு தலையாக, மூன்று பக்கமும், முப்பது தலையும் திரும்பின. கார்மேகம் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார், கதவோரம் இருந்தவர்களுக்கும் தெரியும்படி.